அடுத்த கைக்கு வழிவிடும் மெருகு



காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் உண்டு. பிரிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவும் தூணும், எனாமல் தூக்குகளும், கண்ணாடிச் சட்டங்களும் அங்கே வந்து சேர்கின்றன. அந்தத் தெருவில் ஒரு கை வைத்த நாற்காலி வாங்கினேன். உடம்பெல்லாம் சாக்லேட் நிற எனாமல் பெயிண்ட். ஒரு கால் ஆடியது. தூக்கிப் பார்த்தபோது கனம் தேக்கு என்று சொன்னது. பழைய மரச்சாமானை வீட்டிலேயே புதுப்பிக்கும் கலையை அந்த ஒரு நாற்காலியை வைத்தே இன்று எடைபோட நினைக்கிறேன்.

முதல் வேலை பெயிண்டை எடுப்பது. இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக்கூடாது என்ற விதியை நம் நாடு 2016இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்த்தால், கிளம்பும் தூசியில் ஈயம் இருக்கலாம். அதனால் நீர் தெளித்து, முகத்தை நன்றாக மூடி, குழந்தைகள் இல்லாத இடத்தில் சுரண்ட வேண்டும். சுரண்டிய செதிலைக் காகிதத்தில் பொதிந்து அப்புறப்படுத்த வேண்டும்.

தகட்டால் சுரண்டியபோது பெயிண்ட் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. மரத்தின் நுண்துளைகளில் அது இறங்கவே இல்லை. அடியில் தேன் நிறத்தில் இன்னொரு பூச்சு இருந்தது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தோய்த்து, இருக்கைக்குக் கீழே கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்தேன். சற்று நேரத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டது. அப்படி ஒட்டினால் அது அரக்கு. தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷாகவோ பாலியூரித்தேனாகவோ இருக்கும். எந்த வேலையையும் தொடங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அரக்கு நமக்குப் புதியதா? பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையில் தொடங்கி, தபால் உறையின் முத்திரை வரை நாம் அறிந்த பொருள்.  புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். வானொலி ஒருகாலத்தில் ஒலிபரப்பிய 78 சுற்று இசைத்தட்டுகளிலும் இதே அரக்குத்தான் இருந்தது. என் நாற்காலிக்கு முதலில் மெருகிட்டவர் அந்த அரக்கைப் பூசியிருந்தார். அது துளைகளை அடைத்து நின்றதால்தான், பின்னால் வந்த பெயிண்ட் மரத்தைக் கெடுக்க முடியவில்லை.

அடுத்து ஆடிய கால். அதைச் சரிசெய்ய யாரோ இரண்டு அங்குல ஆணி அடித்திருந்தார்கள். ஆணி போன வழியில் மரம் பிளந்திருந்தது. ஆட்டமும் நிற்கவில்லை. மற்ற மூட்டுகளிலோ தச்சர் வச்சிரம் இட்டிருந்தார். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய பசை அது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பொறுமையாக இருந்தால் இளகிவிடும். மூட்டைக் கழற்றி, துளைக்குள் நுழையும் கழுந்தைச் சுத்தம் செய்து, மறுபடி பசையிட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட்டேன். ஆணி அடித்த மூட்டுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது.

இந்தக் கலையின் சாரத்தை எனக்கு உணர்த்தியது அந்த மூன்று நாள்தான். வச்சிரம் வெந்நீருக்கு இளகும். அரக்கு ஸ்பிரிட்டுக்கு இளகும். பழைய தச்சர்கள் தம் வேலையை, பின்னால் வருபவர் பிரித்துச் செப்பனிடும்படி செய்து வைத்தார்கள். ஆணியும் எபாக்சிப் பசையும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. நல்ல புதுப்பித்தலுக்கு என் அளவுகோல் ஒன்றுதான்: நாம் செய்ததை நாளை இன்னொருவர் மரத்துக்குக் காயமின்றி மாற்ற முடிய வேண்டும்.

இனி உப்புத்தாள். 120ஆம் எண் தாளில் தொடங்கி, 180, 220 என்று போகலாம். ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் அப்போது தெரியாது. மெருகு ஏறியதும் பளிச்சென்று தெரியும். ஒட்டுப்பலகைச் சாமானானால் அதன் மேல்தோல் காகிதம்போல் மெல்லியது. அங்கே கை மிகவும் அடங்க வேண்டும். நாற்காலியின் கைகளில், உள்ளங்கை பட்டுப் பட்டு வழவழப்பான பள்ளம் இருக்கும். அதைச் சமன்படுத்திவிடாதீர்கள். எந்தக் கருவியும் தர முடியாத வளைவு அது.

மெருகுக்கு ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 200 கிராம் அரக்குச் செதிலை இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டினேன். அடுப்பும் விளக்கும் அருகில் இருக்கவே கூடாது. ஸ்பிரிட் நொடியில் தீப்பிடிக்கும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டி, கரைசலில் தோய்த்து, மரத்தின்மேல் வட்டமாகவும் எட்டுப்போலவும் ஓட்ட வேண்டும். கை நகர்ந்துகொண்டே வந்து மரத்தைத் தொட வேண்டும், நகர்ந்துகொண்டே விலக வேண்டும். நின்றால் துணி ஒட்டிக்கொண்டு தடம் விழும். புதுப்பூச்சில் உள்ள ஸ்பிரிட் முந்தைய பூச்சைச் சற்றே கரைப்பதால், இருபது பூச்சானாலும் ஒரே தோலாகிவிடுகின்றன. பின்னொரு நாள் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் பூசினாலே போதும், ஒட்டுத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதைச் செய்ய வேண்டாம். காற்றின் ஈரம் பூச்சில் சிக்கினால் வெண்மை படரும்.

அரக்குக்குக் குறையும் உண்டு. சூடான காப்பித் தம்ளரின் வட்டம் அதில் பதிந்துவிடும். சோப்பு நீரும் அதற்கு ஆகாது. சாப்பாட்டு மேசைக்கு வார்னிஷோ பாலியூரித்தேனோதான் ஏற்றது என்று ஒப்புக்கொள்கிறேன். நாற்காலி, அலமாரி, எழுதும் மேசை, தொட்டில் இவற்றுக்கெல்லாம் அரக்கின் ஒளிக்கு இணையாக இன்னொன்றை நான் கண்டதில்லை. வெயில் சாய்ந்து விழும்போது தேக்கின் ரேகை உள்ளிருந்து மினுங்கும்.

நாற்காலியைப் பிரித்தபோது ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு கழுந்திலும், அது நுழையும் துளையின் ஓரத்திலும் உளியால் கீறிய கோடுகள். ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. தச்சர் தாம் பூட்டும்போது மாறிவிடாமல் இருக்க இட்ட அடையாளம். பெயர் தெரியாத அந்த மனிதரின் கணக்கைப் பார்த்துத்தான் நானும் பூட்டினேன். அந்தக் கோடுகளின்மேல் உப்புத்தாள் படாமல் விட்டிருக்கிறேன். என்றைக்காவது யாரோ இந்த நாற்காலியை மறுபடி பிரிப்பார்கள். எந்தக் கால் எந்தத் துளைக்கு என்று அவருக்கும் தெரிய வேண்டுமே.