உப்பும் குப்பையும்

(மரக்காணத்தில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



தனித்தமிழ்க் கூட்டத்தில் சொல்லைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நான் குப்பையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இதற்கும் நம் கொள்கைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். இம் மரக்காணத்து உப்பு மண்ணில் நின்று பார்த்தால் அத்தொடர்பு வெயில்போல் விளங்கும்.

இவ்வூர் நேற்று முளைத்த ஊரன்று. இதற்கு வடக்கே அண்மையிலுள்ள இடைக்கழிநாட்டைச் சேர்ந்த நத்தத்தனார், ஓய்மாநாட்டு நல்லியக்கோடன்மேற் பாடியது சிறுபாணாற்றுப்படை. அந்நூல் கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். இங்குள்ள பூமீசுவரர் கோயிற் சுவரில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. இன்றும் 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்கள் இங்கு வெண்மை பூத்துக் கிடக்கின்றன. தூத்துக்குடியையும், வேதாரணியம் என வழங்கும் திருமறைக்காட்டையும் போல, தமிழகத்திற்கு உப்பிடும் ஊர்களுள் மரக்காணமும் ஒன்று.

இனிக் குப்பை என்னும் சொல்லைப் பார்ப்போம். குவி, குவை, குவியல், குப்பை என்பன ஓரினச் சொற்கள். கழக இலக்கியத்தில் உப்புக் குவியலும் குப்பை எனப்பட்டது. நெற்குவியலும் குப்பை எனப்பட்டது. உமணர் வண்டியேற்றிய செல்வத்திற்கும், உழவர் களத்திற் கண்ட செல்வத்திற்கும் அதுவே பெயர். வீட்டின் பின்புறத்து எருக்குவியலும் குப்பைதான். அதுவும் வயலுக்குப் போகும் செல்வமே. ஒரு நாழிகை பயன்படுத்தி எறிந்துவிட்டு, நம் பேரன் பேத்தி காலத்திலும் அழியாமற் கிடக்கும் பொருள் ஒன்றும் நம் முன்னோர் வீட்டில் இல்லை. இன்றோ அதே சொல் எதற்கும் உதவாததைக் குறிக்கின்றது. சொல் தானாக இழியவில்லை; நம் வாழ்க்கை இழிந்தது, சொல்லும் உடன் இழிந்தது.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் பழமொழி. அப்பழமொழி இன்று தலைகீழாகிவிட்டது. குப்பை உப்பிலேயே வந்து சேர்ந்துள்ளது! இது மிகைக்கூற்றன்று. சந்தையில் விற்கும் கடலுப்பு வகைகளை மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர் ஆய்ந்து, கண்ணுக்குப் புலனாகா நுண்நெகிழித் துகள்கள் அவற்றில் இருப்பதை 2018-இல் வெளியிட்டனர். தூத்துக்குடி உப்பை ஆய்ந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் தெளிவானது. கடல்நீரில் விளைந்த உப்பில் கிலோவுக்குச் சராசரியாக 35 முதல் 72 துகள்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த உப்பில் 2 முதல் 29 துகள்கள். கடல் அழுக்கானதால் உப்பு அழுக்காயிற்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இதைக் கேட்டு உப்பை அஞ்சவேண்டா. உப்பளத் தொழிலாளரைக் குறைகூறவும் வேண்டா. கொளுத்தும் வெயிலில் கால் புண்ணாக நின்று உப்பு வாருகின்ற அத்தாய்மார் அத்துகளைக் கொண்டுவந்து போடவில்லை. பாத்திக்குவரும் நீரை மணலில் வடித்தால், எடைக்கணக்கில் 85 விழுக்காட்டுக்கு மேல் நீக்கலாம் என்று முன்கூறிய மும்பை ஆய்வே வழியும் கூறுகின்றது. அதற்கான செலவை ஏழைத் தொழிலாளர் தலையில் ஏற்றாமல் அரசும் ஆலையாரும் ஏற்கவேண்டும்.

இக்குப்பை எவ்வழி வருகின்றது? மேற்கேயுள்ள ஏரிகளின் மிகைநீர் கழுவெளியில் சேர்கின்றது. கழுவெளி, கழி வழியாகவும் முகத்துவாரம் வழியாகவும் கடலொடு கலக்கின்றது. ஆகவே, உள்ளூர்ச் சிற்றூரொன்றில் வாய்க்காலில் எறிந்த பை ஒரு மழையிற் கழுவெளிக்கும், மறுமழையிற் கடலுக்கும் வந்துவிடும். அக் கழுவெளியைத் தமிழக அரசு 2021 திசம்பரில் பறவைப் புகலிடமாக அறிவித்தது. 5,151 எக்டேர் பரப்புடைய அது 2024 ஆகத்தில் உலக இராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. வலசை வரும் பறவைகளுக்கு அது புகலிடம். நம்மில் பலர்க்கோ இன்னும் வடிகால்!

தோழர்களே! இங்குதான் நம் கொள்கை வந்து நிற்கின்றது. அயற்பெயரோடு வந்த பொருளுக்கு நெகிழி என்று அழகிய தமிழ்ப்பெயர் தந்தோம், நன்று. ஆனால், பெயர் தமிழானதால் பொருள் தமிழ்மண்ணுக்கு உறவாகிவிடுமா? நெகிழிப்பை என்று தூயதமிழிற் கேட்டு வாங்கிக் கடலில் எறிந்தால், கடலுக்கு நம் தமிழ்ப்பற்று விளங்குமா? குப்பை அள்ளும் உழைப்பாளர்க்குத் தூய்மைப் பணியாளர் என்னும் மதிப்புடைப் பெயர் 2020-இல் வழங்கப்பெற்றது, அதுவும் நன்று. ஆனால், அழுகிய சோற்றையும் உடைந்த கண்ணாடியையும் ஒரே பையில் முடிந்து அவர் கையில் தந்தால், அப்பெயர் ஏட்டில் மட்டும் இருக்கும். புண் அவர் கையில் இருக்கும். சொற்றூய்மை செயற்றூய்மையில் முடியவேண்டும். முடியாவிட்டால் அது வெறும் ஒப்பனை.

"முடியக் கூடியதா? உலகமே நெகிழியில் மிதக்கும்போது நாம் மட்டும் என்ன செய்வது?" என்பார் உளர். இதே கேள்வியைத்தான் 1916-இல் மறைமலையடிகளாரை நோக்கியும் கேட்டனர். அவர் ஒரே நாளில் அனைத்தையும் மாற்றவில்லை. வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை ஆக்கினார். ஞானசாகரம் அறிவுக்கடல் ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. முன்னெழுதிய நூல்களையும் மறுபதிப்புகளில் ஒவ்வொரு சொல்லாகத் தூய்மை செய்தார். கலந்ததைப் பிரித்தல், வேண்டாததை விலக்கல், உள்ளதை மீட்டல் என்னும் மூன்றே அவர்தம் முறை. குப்பைக்கும் அம்மூன்றே முறை.

உப்பும் அப்படித்தான் விளைகின்றது. ஓர் இலிட்டர்க் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள். அவற்றுள் 27 கிராம் அளவே நாம் உண்ணும் உப்பு. நீரை முதற்பாத்தியில் தேக்குவர், சேறு படியும். அடுத்தடுத்த பாத்திகளுக்கு விடுவர், சுண்ணச்சத்துகள் படியும். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பின்னரே உப்புப் பூக்கத் தொடங்கும். கடைசியில் நிற்கும் கைப்புநீரை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். விட்டால் உப்புங் கைக்கும். முதற்பாத்தியிலேயே உப்பைத் தேடுபவன் ஏமாறுவான். ஒன்றன்பின் ஒன்றாகப் போகவேண்டும்.

எங்கள் பகுதியில் சில குடும்பத்தார் இம்முறையைச் சிறிதுசிறிதாகக் கைக்கொண்டு வருகின்றோம். அப்பட்டறிவு தந்த பாடங்களைக் கூறுகின்றேன்.

முதற்பாடம், எண்ணிப் பார்த்தல். ஒரு கிழமைக் குப்பையைப் பிரித்து வைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சமையற்கட்டின் தோலும் காம்பும் எஞ்சிய சோறுமாகவே இருக்கும். அஃதாவது, குப்பை வண்டிக்குப் போவதில் பாதி, மண்ணுக்குப் போகவேண்டிய எருவே.

இரண்டாம் பாடம், எருக்குழி. ஈரக்கழிவு ஒரு படுகை, காய்ந்த சருகு ஒரு படுகை என மாற்றி மாற்றி இடவேண்டும். நாற்றம் எழுந்தால் ஈரம் மிகுந்தது என்று பொருள். சருகைக் கூட்டினால் அடங்கும். கிழமைக்கொரு முறை கிளறிவிட்டால், இரண்டு மூன்று திங்களில் கறுத்த மண்போல் உதிரும். தோட்டமில்லார்க்கு அடியில் துளையிட்ட மண்தொட்டி போதும்.

மூன்றாம் பாடம், பையின் இடம். மஞ்சட்பை வீட்டுப் பரணில் இருந்தால் பயனில்லை. வண்டியிலும், சட்டை மாட்டும் ஆணியிலும் இருக்கவேண்டும். மறதிக்கு அறிவுரை மருந்தாகாது. எண்ணெய்க்குத் தூக்கு, மீனுக்கு ஓலைப்பெட்டி அல்லது மூடியுள்ள ஏனம், இறைச்சிக்கும் அவ்வாறே. கடைக்காரர் முதன்முறை சிரிப்பார். இரண்டாம் முறை ஏனத்தின் எடையைக் கழித்து நிறுப்பார். மூன்றாம் முறை அடுத்தவர்க்கும் எடுத்துக்கூறுவார்.

நான்காம் பாடம், உள்ளதை எறியாமை. கொள்கை வந்தவுடன் வீட்டு நெகிழிக் குடத்தையெல்லாம் வீசிவிட்டுப் புதிய மூங்கிற் பொருள்களை விலைகொடுத்து வாங்குவது, ஒரு குப்பையை விட்டு மறு குப்பைக்குத் தாவுவதாகும். இருப்பது தேயும்வரை உழைக்கட்டும். அடுத்து வாங்கும்போது மண்ணும் ஓலையும் மாழையும் வரட்டும்.

ஐந்தாம் பாடம், ஏழையைப் பழிக்காமை. தலைமுழுகும் நீர்மத்தைச் சிறு உறையில் அடைத்து விற்கும் முறை நம் கடலூர்ப் பக்கம் தோன்றி நாடெங்கும் பரவியது. நாட்கூலி பெறுவோர் அன்றன்றைக்கு வேண்டியதை வாங்க அது வழிசெய்தது. அவ்வுறை பல்லடுக்குடையது, உருக்கி மறுபொருள் செய்வது அரிது. எனினும், ஓர் உறை வாங்கும் தாயைக் குற்றவாளியாக்கி, கோடிக்கணக்கில் அதைச் செய்பவரை விட்டுவிடுவது நயன்மையன்று. வாய்ப்புள்ளோர் முதலில் மாறவேண்டும். செய்வோர் திரும்பப் பெறவேண்டும்.

திரும்பப் பெறுதல் கனவன்று. குடிக்கு நாம் பகைவர். எனினும் நீலமலையில் 2022 மே முதல் நடப்பதைப் பாருங்கள். புட்டிக்குப் பத்து உருபா கூட வாங்கி, வெறும் புட்டியைக் கொணர்ந்தால் அதைத் திருப்பித் தருகின்றனர். காட்டில் உடைந்து யானைக்காலைக் கிழித்த புட்டிகளில் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. உயர்நீதிமன்றம் வற்புறுத்த வந்த முறை இது. மதுப்புட்டிக்கு இயலுமாயின் எண்ணெய் உறைக்கும் குடிநீர்ப் புட்டிக்கும் ஏன் இயலாது? நெகிழி செய்வோரே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்று 2016-இன் இந்திய விதிகள் கூறுகின்றன. ஏட்டிலுள்ள விதியை நாட்டில் காணக் கேட்பது நம் உரிமை.

இனி, நம் வீட்டையே பார்ப்போம்; நம் இயக்கம் என்னும் வீட்டை! 2018 சூன் 25 நாளிட்ட அரசாணையால், 2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்கள் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டன. நெகிழி பூசிய தாள்குவளை அப்பட்டியலில் உண்டு. நெகிழிக் கொடியும் உண்டு. ஆனால், தமிழ்க் கூட்டங்கள் சிலவற்றிலும் மேடைக்குப் பின்னே என்ன தொங்குகின்றது? "தமிழ் மண் காப்போம்" என்று அச்சிட்ட நெகிழிப் பதாகை! கூட்டம் கலைந்தபின் திடலில் என்ன கிடக்கின்றது? தாள்குவளையும் நீர்ப்புட்டியும்! மண்ணைக் காப்பதாகச் சொல்லும் பதாகையே மண்ணுக்குச் சுமையானால், கேட்போர் நம் சொல்லை எவ்வாறு நம்புவர்?

ஆகவே மூன்று வேண்டுகோள் வைக்கின்றேன். ஒன்று, அடுத்த கூட்டம் முதல் துணிப் பதாகையும் துணிக்கொடியும் மட்டுமே கட்டுவோம். நாளும் ஊரும் தனித்துண்டில் எழுதித் தைத்தால் ஒரே பதாகை பத்தாண்டு உழைக்கும். ஓவியர்க்கும் தையற்காரர்க்கும் அதனால் பிழைப்பும் உண்டு. இரண்டு, நம் இல்லத் திருமணங்களில் வாழையிலை, தையலிலை, கழுவிப் பயன்படுத்தும் குவளை என்று அழைப்பிதழிலேயே அறிவிப்போம். மூன்று, ஒவ்வொரு குடும்பமும் திங்களுக்கு ஒரே ஒரு பொருளை விலக்கட்டும். உப்பளத்தில் சனவரி தொடங்கி மழை வரும்வரை எட்டொன்பது திங்கள் வேலை நடக்கும். அக்காலத்துக்குள் எட்டொன்பது பொருள் வீட்டைவிட்டுப் போயிருக்கும். அடுத்த மழையிற் கழுவெளிக்கு வரும் நீர் அந்த அளவேனும் தெளிந்திருக்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன மொழி நம் மொழி. நமக்கு நாள்தோறும் உப்பிடுவது இக்கடல். அதற்கு நாம் திருப்பியிடுவது குப்பையாக இருக்கலாகாது.

சொல்லும் தூயதாகுக! மண்ணும் தூயதாகுக! வாழ்க தமிழ்!