பயன் என்ன என்று கேட்பதற்கு முன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

இம்மண்டபத்தினுள் நுழையும்போது இடப்பக்கத்து மேசையின்மீது சில பொருள்கள் வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். நம் காலனிச் சிறுவர் சிறுமியர் தம் கையால் செய்தவை அவை. மாடித் தொட்டி நிரம்பியதும் மணியடித்து அறிவிக்கும் கருவி ஒன்று. பழைய சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி எரியவைக்கும் விளக்கு ஒன்று. ஓட்டையிட்ட தகரத்தால் ஆகிய பெட்டி ஒன்று; அதில் மாவை இட்டுத் தட்டினால் ஒரே தட்டில் ஒன்பது கோலப்புள்ளிகள் விழும்.

மாலையில் இதனைப் பார்த்த அம்மையார் ஒருவர், “விரல் இருக்கும்போது தகரம் எதற்கு? இதனால் என்ன பயன்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பெட்டியைச் செய்த சிறுமி விடை சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நின்றாள். அவள் சார்பில் விடை சொல்லவே இன்று எழுந்து நிற்கிறோம். இக்கேள்வியை அந்த அம்மையாரைக் காட்டிலும் கடுமையாகக் கேட்டுப் பிழை செய்தவர்கள் நாங்களே; அதையும் மறைக்காமல் சொல்லிவிட எண்ணுகிறோம்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துச் சென்றோம். முதலில் சென்ற இடம் ஜந்தர் மந்தர். தில்லியில் இருபது முப்பது ஆண்டுகளாக வாழும் நம்முள் பலர் அதனைப் பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டுமே அறிவோம். ஆம்பர் மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1724-இல் கட்டிய வானாய்வுக் கூடம் அது. அம்மன்னர் முதலில் பித்தளையால் ஆன கருவிகளை வைத்தே வானத்தை அளந்து பார்த்தார். அவை சிறியன, அச்சு தேய்ந்தது, நடு ஆடியது, அளவு பிழைத்தது. வேறொருவராயின் இன்னும் நல்ல பித்தளைக்குச் சொல்லியனுப்பியிருப்பார். ஜெய்சிங்கோ, கருவியையே கட்டடமாகக் கட்டிவிட்டால் அது ஆடாதன்றோ என்று எண்ணினார்!

அவ்வெண்ணத்தின் வடிவமே அங்கு நிற்கும் சாம்ராட் யந்திரம். ஏறத்தாழ 70 அடி உயரம். படிக்கட்டு ஒன்று வானத்தை நோக்கி ஏறி, எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிட்டதுபோல் தோன்றும். அதன் சாய்ந்த விளிம்பு நிலவுலகின் அச்சுக்கு இணையாக வடதுருவத்தை நோக்குகிறது. தில்லியின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகையே அதன் சாய்வும். கதிரவன் நகர நகர, அவ்விளிம்பின் நிழல் இருபுறமும் வளைந்துள்ள கல்வில்லின்மீது ஊர்ந்து நேரத்தைக் காட்டும். கருவி பெரிதாயின் கோடுகளுக்கு இடையே இடைவெளியும் பெரிதாகும். இடைவெளி பெரிதாயின் நேரத்தை நுட்பமாகப் பகுக்கலாம். பருமனுக்குப் பின்னே இருந்த கணக்கு இதுதான்.

பிள்ளைகள் அதனினும் வியந்தது ராம் யந்திரத்தைக் கண்டுதான். வட்டமான இரு கட்டடங்கள் ஒன்றுபோல் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று போதாதா, இரண்டு எதற்கு என்று கேட்டான் ஒரு சிறுவன். அளவு குறித்த கற்பலகைகளுக்கு இடையே, பார்ப்பவர் நின்று நோக்குவதற்கு வெளி வேண்டும். வெளி விட்ட இடத்தில் அளவு இராது. ஆகவே முதற் கட்டடத்தில் எங்கே வெளியோ, இரண்டாம் கட்டடத்தில் அங்கே கல். முதலாவதில் எங்கே கல்லோ, இரண்டாவதில் அங்கே வெளி. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு கருவி. இதனைக் கேட்டதும் அச்சிறுவன் இரண்டுக்கும் இடையே மும்முறை ஓடி ஓடிச் சரிபார்த்து வந்தான்.

அடுத்து, சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம் சென்றோம். அங்கே இரும்புப் பெருவண்டிகள் பல இருக்க, பிள்ளைகள் விட்டகலாமல் நின்றது பாட்டியாலா சமஸ்தானத்து ஒற்றைத் தண்டவாள ரயிலின் முன்பே. 1907-இல் ஓடத்தொடங்கிய விசித்திரம் அது. வண்டியின் நடுச்சக்கரங்கள் ஒரே ஒரு தண்டவாளத்தின்மீது உருளும். வண்டி சாய்ந்துவிடாமல் பக்கத்தில் ஒரு பெருஞ்சக்கரம் சாலைமீதே உருண்டு வரும். பாரத்தின் பெரும்பகுதியைத் தண்டவாளம் தாங்கிக்கொள்ள, தாங்குகோல் போன்ற அச்சக்கரம் சிறிதளவே சுமக்கும். இரு தண்டவாளம் வேண்டிய இடத்தில் ஒன்று போதும். சாலை இருக்கும் இடத்தில் தனிப்பாதையும் வேண்டாம். இதனை முதலில் இழுத்தவை கோவேறு கழுதைகள். பின்னர் ஜெர்மானிய நீராவி எஞ்சின்கள். சாலையில் மோட்டார் வண்டிகள் பெருகியபின் அது தோற்றது, 1927-இல் நின்றுபோயிற்று. பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததனை 1962-இல் ரயில் ஆர்வலர் ஒருவர் கண்டெடுக்க, அமிர்தசரஸ் பணிமனையில் அது மீண்டும் உயிர் பெற்றது.

“தோற்றுப்போன வண்டியை ஏன் வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டாள் ஒரு சிறுமி. அவளுக்கு அன்று நாங்கள் தக்க விடை கூறவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கேள்வி எங்களுடனேயே வந்தது.

நிற்க. நம்மவர் ஒருவரைப் பற்றியும் இங்குச் சொல்லியாக வேண்டும். கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. ஏட்டுக்கல்வி அவருக்கு மிகச் சிறிது. இளமையில் ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி ஓடும் அவ்வண்டி அவர் உறக்கத்தைக் கெடுத்தது. கோவைக்கு வந்து உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டுபோய் அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதை ஓட்டி மகிழ்ந்ததோடு நில்லாமல், ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டார், மீண்டும் பூட்டினார். கோவைக்கு ஒரு பொறியியல் மேதை கிடைத்தது அந்தப் பிரிப்பினால்தான்.

1920-இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அது நாளடைவில் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. ஆயினும் அவர் கை சும்மா இருக்கவில்லை. மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, மிக மெல்லிய சவரத் தகடு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டே இருந்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் நம் நாட்டுத் தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது 1982-இல், கேரளத்துப் பரவூர்த் தொகுதியில். நாயுடு மறைந்ததோ 1974-இல். காலத்தை அவர் எவ்வளவு முந்தி நடந்தார் என்பதற்கு இதுவே சான்று.

எல்லாம் வெற்றியா என்றால், இல்லை. 1952-இல் ஈராயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். தயாரித்து விற்க அரசின் உரிமம் கிடைக்கவில்லை, முயற்சி நின்றது. எனினும் அவர் சோர்ந்து கைகட்டி உட்கார்ந்துவிடவில்லை. கோவை அவிநாசி சாலையில் உள்ள காட்சியகத்தில் அவருடைய விந்தைப் பொருள்களை இன்றும் காணலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பங்கள் ஒருநாளை அதற்கென ஒதுக்குவது நன்று.

நம் காலத்திலும் இத்தகையோர் உளர். குஜராத்தில் வாங்கானேர் என்னும் ஊரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் இருக்கிறார். 2001-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அவர் வனைந்த மண்பாண்டங்கள் பல உடைந்து சிதறின. உடைந்த தண்ணீர்ப்பானை ஒன்றின் படத்தை நாளிதழ் ஒன்று வெளியிட்டு, ஏழையின் குளிர்சாதனப் பெட்டி உடைந்தது என்று அதன்கீழ் எழுதியது. படித்தவர்கள் இரங்கிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்கள். அவரோ, ஏழைக்கு உண்மையாகவே மண்ணால் ஒரு குளிர்பெட்டி செய்தால் என்ன என்று எண்ணினார். பல முறை சுட்டு, பல முறை உடைத்து, சில ஆண்டுகளில் ‘மிட்டிகூல்’ என்னும் பெட்டியைச் செய்தும் முடித்தார். மேல்தட்டில் ஊற்றிய நீர் மண்சுவரின் நுண்துளைகளில் கசிந்து ஆவியாகிறது; ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது; உள்ளே வைத்த காய்கறி வாடாமல் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம். நம் பாட்டிமார் மண்பானையில் நீர் ஊற்றிவைத்த அதே தத்துவந்தான். தத்துவம் ஊரறிந்தது, அதற்குக் கதவும் தட்டும் வைக்கலாம் என்று தோன்றியது ஒருவருக்கே.

அன்பர்களே, இந்நால்வகை விந்தைகளையும் எதற்காக அடுக்கினோம்? இவற்றுள் நிலைத்ததும் உண்டு, தோற்றதும் உண்டு, தடுக்கப்பட்டதும் உண்டு. தொடங்கிய நாளில், இன்னது நிலைக்கும், இன்னது தோற்கும் என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. பயன் என்ன என்ற கேள்வி தவறன்று. அதனைக் கேட்கும் வேளைதான் தவறு. விதை ஊன்றியவனிடம் மறுநாளே நிழல் எங்கே என்று கேட்கலாமா? தோற்றுப்போன வண்டியை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட சிறுமிக்கும் இப்போது விடை சொல்கிறோம்: முயன்ற கையின் தடம் அதில் இருக்கிறது, அம்மா, அடுத்து முயல்பவருக்கு அது வழிகாட்டும்.

இனி, எங்கள் பிழை. நம் நூலகத்திற்குப் பின்னால் உள்ள சிற்றறையில்தான் இப்பிள்ளைகள் தட்டிக்கொட்டிக்கொண்டிருப்பது வழக்கம். இரண்டாண்டுகளுக்கு முன், இம்மண்டபத்துச் சாவி கொடுக்கும் சுவர்க்கடிகாரம் ஒருநாள் காணப்படவில்லை. தேடியபோது, அச்சிற்றறையில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் முன்னே அது துண்டு துண்டாகக் கிடந்தது. கேட்காமல் எடுத்தது அவன் குற்றமே. ஆனால் ஏன் பிரித்தாய் என்று நாங்கள் கேட்கவில்லை. இதனால் என்ன பயன் என்றே கேட்டோம். பலர் முன்னிலையில் கேட்டோம். அவன் தந்தையையும் அழைத்துச் சொன்னோம். அதன்பின் அவன் அவ்வறைப் பக்கம் வரவில்லை. அடுத்த கோடையில் தந்தைக்கு மாற்றல் உத்தரவு வர, குடும்பம் காலனியை விட்டே போய்விட்டது. அவன் முகத்தையும் நாங்கள் மறந்துவிட்டோம்.

சென்ற மாதம், அவ்வறையை ஒழித்து நாற்காலிகள் அடுக்கும் கிடங்காக்குவது என்று செயற்குழு முடிவு செய்தது. சுத்தம் செய்யச் சென்றபோது, பரண்மேல் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருந்தது. திறந்தோம். கடிகாரத்தின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே காகிதத்தில் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மடிப்பின்மேல் 1 முதல் 31 வரை எண்கள். எந்தச் சக்கரம் எதனுடன் பொருந்தும் என்று பென்சிலால் வரைந்த படமும் இருந்தது. மணி ஒவ்வொரு நாளும் பிந்துவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஒரு சக்கரத்தின் தேய்ந்த பல்லை அம்புக்குறியிட்டுக் காட்டியிருந்தான். அவன் அதனைக் கெடுக்கவில்லை, பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அன்று நாங்கள் ஒரு நாழிகை பொறுத்திருந்தால், அவனே பூட்டியும் இருப்பான்.

ஆகவே, இன்றைய பொதுக்குழுவின் முன் எங்கள் முடிவை நாங்களே திரும்பப் பெறுகிறோம். அவ்வறை பிள்ளைகளுக்கே இருக்கட்டும். நாற்காலிகளை மாடிப்படியின் அடியில் அடுக்கிக்கொள்ளலாம், அவை கோபித்துக்கொள்ளமாட்டா. வீட்டில் பழுதான விசிறி, வானொலி, இஸ்திரிப்பெட்டி முதலியவற்றைப் பழைய சாமான் வாங்குபவருக்குப் போடுமுன் ஒருமுறை அவ்வறைக்கு அனுப்புங்கள். மின்சாரத்தோடு விளையாடும் ஆபத்து நேராதபடி, பொறியியல் அறிந்த பெரியவர் ஒருவர் ஞாயிறுதோறும் உடனிருக்க முன்வாருங்கள். பிள்ளைகளும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: கேட்டுவிட்டு எடுங்கள், பிரித்ததை எண்ணி வையுங்கள்.

கோலப்பெட்டி செய்த சிறுமிக்கும் ஒரு சொல். குழந்தாய், உன் பாட்டிக்கு மூட்டுவலி. குனிந்து புள்ளி வைக்க இயலவில்லை என்று உன் தாயார் சற்றுமுன் எங்களிடம் சொன்னார்கள். நீ வாய்திறந்து சொல்லாத பயன் அதுவே போலும்!

மேசையின் ஓரத்தில் டிக் டிக் என்று ஒலிக்கும் கடிகாரத்தை வீடு செல்லுமுன் பாருங்கள். அந்த எண்களையும் படத்தையும் வைத்து நம் பிள்ளைகள் இருவர் அதனை மீண்டும் பூட்டிவிட்டார்கள். இன்னும் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிந்துகிறது. நம் விழா முக்கால் மணி பிந்தித் தொடங்கியதற்கு அது பொறுப்பன்று. 31 உறுப்புகளுள் ஒரு சிறு திருகாணி மட்டும் கையில் மிஞ்சிவிட்டது. அது எங்கே சேரும் என்று கேட்டு அச்சிறுவனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். கடிதத்தின் தொடக்கத்தில் எங்கள் மன்னிப்பையும் கேட்டிருக்கிறோம்.