புதைந்த இரும்புக் குழாயைக் காந்தத்தால் தேடும் முறை



பழைய தண்ணீர்க் குழாயில் கசிவு கண்டு, அது செல்லும் வழியை அறிந்தவர் ஊரில் எவருமில்லையெனில் நேரும் சங்கடம் தெரிந்ததே. ஊகத்தால் அங்குமிங்கும் தோண்டுவதில் கூலி வீணாகின்றது. சில சமயம் கடப்பாரையே குழாயை உடைத்துவிடுகின்றது. குழாய் இரும்பாயின், தோண்டுமுன் காந்தக்கருவி உதவும்.

பூமியே ஒரு பெருங்காந்தம் என்பதை 1600-ஆம் ஆண்டில் வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கிலேய வைத்தியர் விளக்கினார். கட்டடங்களில் வடக்குத் தெற்காக நெடுங்காலம் கிடந்த இரும்புக் கம்பிகள் தாமே காந்தமாவதையும் அவர் குறித்தார். மண்ணுள் கிடக்கும் இரும்புக் குழாயும் அவ்வாறே காந்தத்தன்மை பெற்று, தன்னருகே பூமியின் விசையைச் சிறிது மாற்றுகின்றது. கருவியின் கோலில் மேலும் கீழுமாக இரண்டு உணரிகள் உள. பூமியின் விசை இரண்டிலும் சமமாதலால் கழிந்துபோம். குழாயின் விசை கீழுள்ளதில் மிகுதியாதலால் எஞ்சி நிற்கும்.

குழாய் செல்லக்கூடிய திசைக்குக் குறுக்காக, இணையான வரிசைகளில் நடத்தல் வேண்டும். சாவிக்கொத்தை இடுப்பிற் செருகிக்கொண்டு நடப்பவர் தம் சாவியையே தேடியவராவார். கம்பிவேலியும் இரும்புப் பம்பும் அருகிலிருந்தாலும் கருவி மயங்கும்.

மண்ணின் மேற்பரப்பிலுள்ள ஓர் ஆணியும் ஏமாற்றக்கூடும். இதற்கு எளிய சோதனை உண்டு. சிறு இரும்புத் துண்டின் விசை, தூரம் இருமடங்கானால் எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆதலின் கருவியைச் சற்று உயர்த்தியவுடன் குறி மறைந்தால் அது ஆணி. பெரிதும் குறையாதிருந்தால் ஆழத்தில் பெரும்பொருள் உண்டு எனக் கொள்ளலாம்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் பூமியின் காந்தவிசை ஏறக்குறையத் தரைமட்டமாகவே செல்கின்றது. அங்கே வடக்குத் தெற்காகப் பதித்த நீண்ட குழாய், முனைகளிலும் இணைப்புகளிலும் மட்டுமே தெளிவாகப் புலப்பட்டு, இடையில் மௌனமாயிருத்தல் கூடும். ஒரே வரிசை நடந்துவிட்டுக் குழாய் இல்லையென்று முடிவு செய்தல் தவறு. இணைப்புகளின் குறிகள் சம இடைவெளியில் ஒரே நேர்கோட்டில் விழுமாயின், அதுவே குழாயின் வழி.

செம்பு, ஈயம், பிளாஸ்டிக் குழாய்களை இம்முறை காட்டாது. செம்பு அல்லது அலுமினியக் கம்பியுள்ள மின்கேபிளும் இதற்குத் தப்பிவிடலாம். கருவி பேசவில்லையென்று நம்பிக் கடப்பாரையை ஓங்கினால் உயிருக்கே அபாயம். மின்வாரியத்தாரைக் கேட்டறிந்த பின்னரே தோண்டுதல் வேண்டும். புதிதாகப் பதிக்கும் பிளாஸ்டிக் குழாய்க்கு, பள்ளத்தை மூடுமுன்னரே, கிணற்றிலிருந்தோ கோவில் மூலையிலிருந்தோ அளந்த தூரமும் ஆழமும் சங்கப் பதிவேட்டில் எழுதப்பெறுதல் வேண்டும்.