விடுபட்ட ஆட்டுக்குட்டி

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி வருகின்றேன். ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளையும் அறிவிப்புகளையும் தமிழில் தருவது என் அன்றாட வேலை. இத்தொழிலை எங்கே பயின்றீர்கள் என்று தில்லி நண்பர்கள் கேட்பதுண்டு. கல்லூரியில் பெற்ற கலைப் பட்டத்தைச் சொல்வது என் வழக்கம். ஆனால் உண்மையான விடை வேறு. நான் முதற்பாடம் கற்றது எங்கள் ஊர்த் திண்ணை ஒன்றில். அதுவும் ஒரு பிழை செய்து கற்றேன்.

என் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர். வானத்தையும் குளத்தையும் நம்பி வாழும் பூமி அது. ஐப்பசி, கார்த்திகையில் குளம் நிறைந்தால் நெல், இல்லையேல் கடலை. ஊர் எல்லையில் அய்யனார் கோயில். வழியின் இருபுறமும் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்கும். ஆடு மேய்க்கும் சிறுவர்களாகிய எங்களுக்கு அக்குதிரைகளின் நிழலே விளையாட்டுக் களம். 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் எங்களைப் போன்ற பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைத்தது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் ஊரில் பள்ளி இல்லை. தந்தையாரோ நான் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமாகிவிட்டார். ஆகவே 1991 ஜூன் மாதத்தில், ஒரு தகரப் பெட்டியும் ஒரு போர்வையும் சுமந்துகொண்டு நகரத்து மாணவர் விடுதியில் சேர்ந்தேன்.

விடுதியில் விடியற்காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். கிணற்றடியில் ஒரு வரிசை; பிறகு படிப்பு; அதன் பின் வாளியில் வரும் சாம்பாருக்கு மற்றொரு வரிசை. இரவில் ஒரே கூடத்தில் நாற்பது பாய்கள் விரிப்போம். விளக்கணைந்தபின் எந்தப் பாயிலிருந்து விம்மல் எழுகின்றது என்று முதல் வாரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விம்மல்தான் அது.

என் தாயாருக்கு அப்போது எழுதப் படிக்கத் தெரியாது. 1991ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி தமிழகப் பெண்களில் எழுத்தறிந்தோர் 51 விழுக்காட்டினர்; தாயார் எஞ்சிய பாதியைச் சேர்ந்தவர். அவருக்காக அஞ்சல்காரர் எழுதித் தரும் நீலநிறக் கடிதம் மாதந்தோறும் வரும். ‘இங்கு யாவரும் நலம். நன்றாகப் படிக்கவும்.’ விடுதிப் பிள்ளைகள் பலருக்கும் அதே வாசகந்தான். ஒருவர் கடிதத்தை மற்றொருவர் படித்தாலும் குறையொன்றும் தோன்றாது. ஆயினும் அவற்றைப் பெட்டியில் வைத்துப் பூட்டி வைத்தோம்.

மறு ஆண்டு கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பினேன். அடுத்த வீட்டில் எனக்கு அப்பத்தா முறையான முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய ஒரே மகன் பம்பாயில், தாராவியில் ஓர் இட்டிலிக் கடையில் வேலை பார்த்து வந்தார். “அப்பு, நீ படிச்ச புள்ள. அண்ணனுக்கு ஒரு காயிதம் எழுதிக் குடு” என்று அழைத்தார் அப்பத்தா. திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அப்பத்தா சொன்னது இது: “நல்லாச் சாப்பிடு ராசா. வயித்தக் காயப் போடாதே. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு கெடா, ஒண்ணு பொட்டை. கெடாவுக்கு ஒன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறேன்.”

நான் எழுதியது இது: ‘தாங்கள் தங்கள் உடல்நலத்தைப் பேணிக் காக்க வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம்.’

வகுப்பில் தமிழாசிரியர் கற்பித்த கடித முறை அது. பெற்ற தாய் மகனைத் ‘தாங்கள்’ என்று அழைப்பாளா என்று எனக்குத் தோன்றவில்லை. ஆட்டுக்குட்டியைக் கடிதத்தில் எழுதுவது அற்பமென்று விட்டுவிட்டேன். என் கையெழுத்தின் அழகில் எனக்கே பெருமை.

ஏறத்தாழ இரண்டு வாரங்கள் சென்றிருக்கும். ஒரு நண்பகலில் அண்ணன் தோளில் பையுடன் தெருவில் ஓடி வந்தார். உள்ளே அப்பத்தா முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் அண்ணன் வாசற்படியிலேயே அமர்ந்து தேம்பி அழத் தொடங்கினார். பின்பு சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, “இத எழுதுனது யாரு?” என்று கேட்டார்.

“நான்தாண்ணே.”

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, இதுல எங்கம்மா இல்லியே. அம்மா செத்துப்போச்சு, மறைச்சு எழுதுறாங்கன்னு நெனச்சேன். கடன் வாங்கி ரயில் ஏறுனேன்” என்றார்.

அன்று நான் உணவு கொள்ளவில்லை. விடுதியில் என் தாயார் இல்லாத கடிதங்களை ஓராண்டு காலம் படித்தவன் நான். அக்குறையை அறிந்தவனே மற்றொரு மகனுக்கும் அதைச் செய்துவிட்டேனே என்ற எண்ணம் என்னை வாட்டியது. அண்ணன் திரும்பிச் சென்ற பின் அடுத்த கடிதத்தையும் நானே எழுதினேன். ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. அப்பத்தா சொன்ன ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆடு வந்தது, குட்டிகள் இரண்டும் வந்தன.

அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் சுடர்விட்ட காலம் அது. பகலெல்லாம் வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்த பெண்கள், இரவில் விளக்கைச் சுற்றி அமர்ந்து எழுத்துக் கூட்டினார்கள். பலர் மிதிவண்டி ஓட்டவும் பழகினார்கள். அவ்விளக்கடியில் என் தாயாரும் இருந்தார். 1992 ஜூலையில் விடுதிக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய எழுத்துகள், நான்கே வரிகள், பிழைகள் மலிந்தவை. ‘ஒந் தட்டக் களுவி கவுத்து வச்சுருக்கேன்’ என்பது அதில் ஒரு வரி. அந்தக் கடிதத்தை நான் எவரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. அது என் தாயார் எனக்கே எழுதியது.

நேயர்களே, பம்பாய் 1995இல் மும்பை ஆயிற்று. தந்திச் சேவையும் 2013இல் நின்றுவிட்டது. இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே ஊருடன் பேசுகின்றோம். எனினும், வெளிமாநிலங்களில் வாழும் நம் வீடுகளில் கடிதம் எழுதித் தரும் அந்தச் சிறுவன் இன்னும் இருக்கின்றான். ஊரிலிருந்து பாட்டி நெடுநேரம் பேசுவார். தமிழ் தடுமாறும் நம் குழந்தை, “பாட்டி என்ன சொல்றாங்க?” என்று கேட்கும். “நல்லாப் படிக்கச் சொல்றாங்க” என்று நாம் சுருக்கி முடித்துவிடுவோம். என் இல்லத்திலும் இது பன்முறை நிகழ்ந்திருக்கின்றது.

அலுவலகத்தில் சொற்களைச் சுருக்குவது எனக்குக் கடமையாக இருக்கலாம். ஆனால் மாலையில் என் தாயார் பேசும்பொழுது, அவர் சொல்வதை முழுவதும் என் மகளுக்குச் சொல்ல முயல்கின்றேன். கொல்லையில் கோழி அடைகாப்பதையும் விடுவதில்லை. கேட்கக் கேட்க அவளும் வினாக்கள் தொடுக்கின்றாள். சென்ற வாரம், எத்தனை முட்டைகள் என்று பாட்டியிடம் அவளே தமிழில் கேட்டாள்.