வயிற்றுப்பாட்டுக்கு அல்லாத பாட்டு

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

"பொழுதுபோக்கு பற்றி ஏதாவது பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்த பொழுதுபோக்கு ஒன்றே ஒன்றுதான். பகலில் நான் பள்ளிக்கூட வாத்தியார். வருஷத்தில் இரண்டு மூன்று இரவு மட்டும் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் வேலன், வேடன், விருத்தன்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) மேடைக்குத் தந்த நாடகம் அது. மேல்நாட்டில் ஓபரா என்கிறார்களே, கதையைப் பாட்டாலேயே நடத்திக்கொண்டு போவது, அதற்கு நம்மிடம் நெருங்கிய சொந்தம் இந்த இசை நாடகம்தான். நம்முடையதில் பாட்டு, விருத்தம், நடுநடுவே வசனம். அங்கே கையில் சின்னக் கோலோடு ஒருவர் நின்று எல்லாரையும் நடத்துவார். இங்கே அந்த வேலை ஆர்மோனியக்காரருக்கு. அவர் முகம் சுளித்தால் நம் கதை முடிந்தது!

மாசி பிரம்மோற்சவத்தில் வள்ளி கல்யாணம் நடக்கிற ஊர் திருத்தணி. இங்கே வள்ளி திருமணம் பாட உள்ளூரில் ஆளில்லையா என்ற ரோஷத்தில்தான் நாங்கள் ஆறு பேர் சேர்ந்தோம். இசை நாடகம் செழித்தது மதுரை, புதுக்கோட்டைப் பக்கம். நம் பக்கம் கூத்து பூமி. நகரி தாண்டினால் தெலுங்குப் பத்ய நாடகம். ஒரு பத்யத்தை இழுத்துப் பாடி 'ஒன்ஸ் மோர்' வாங்குவார்கள். இந்த இரண்டையும் கேட்டு வளர்ந்த காது எங்களுக்கு. எங்களில் ஒருவர் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறார். நாள் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டதாலோ என்னவோ, தாளத்தில் அவரை அசைக்க முடியாது.

அமெச்சூர் நாடகம் நமக்குப் புதிதல்ல. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அதில் வேஷம் கட்டினார்கள். தீரர் சத்தியமூர்த்தியும் நடித்தார். ஆனால் ஒன்று கவனியுங்கள். படித்தவர்கள் மேடையேறியபோது வசனம் முன்னுக்கு வந்தது, பாட்டு பின்னுக்குப் போனது. நாடகத்தில் பாட்டைக் காப்பாற்றியவர்கள் அதையே நம்பிச் சோறு தின்ற தொழில்முறைக் கலைஞர்கள்தான்.

சரி, பாடுவதில் என்ன கஷ்டம்? முதலில் சுருதி. சினிமாவில் ஆணுக்கு ஒரு வரி, பெண்ணுக்கு ஒரு வரி என்று வசதிப்படி போட்டுத் தருவார்கள். தர்க்கப் பாட்டில் அது நடக்காது. வள்ளிக்கும் விருத்தனுக்கும் ஒரே ஆர்மோனியம், ஒரே சுருதி. வள்ளிக்கு ஐந்து கட்டை சுகம், எனக்கு ஒன்றரை. பேரம் பேசி நடுவில் ஒரு கட்டையில் நிற்போம். அந்த அம்மாளுக்குக் கீழே இறங்க வேண்டும். எனக்குத் தொண்டையில் நரம்பு புடைக்கும். மைக் இல்லாத காலத்தில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா இதைவிட மேலே நின்றுகொண்டு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடினார். 1933இல் அவர் காலமானபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த இசைத்தட்டுகளைக் கேட்டுவிட்டு ஒத்திகைக்குப் போகாதீர்கள், அன்றைக்கு வாய் திறக்க மனசு வராது.

இரண்டாவது, என் பிழைப்பே தொண்டையில். ஐந்து பீரியட் கத்திவிட்டு மாலையில் அகார சாதகம் செய்வது லேசல்ல. அதனால் விடியற்காலையில் எழுந்துவிடுவேன். பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்த மலர் ஒரு பிரதி கொடுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் பெரிசு. 'ஸ்பெஷல் நாடகம்' என்பார்கள். நாலு ஊரிலிருந்து நாலு கலைஞர்கள் அன்று சாயங்காலம் வந்து இறங்குவார்கள். ஒத்திகை கிடையாது. பாடம் எல்லாருக்கும் நெஞ்சில் இருக்கும். மிச்சத்தை மேடையிலேயே பேசிக்கொள்வார்கள். எங்களுக்கோ மூன்று மாத ஒத்திகை வேண்டும். ஆகவே வள்ளி வேஷத்துக்கு மதுரைப் பக்கமிருந்து தொழில்முறைக் கலைஞர் ஒருவரை வரவழைத்தோம். அனுபவசாலி. தர்க்கம் நடக்கையில், எழுதிவைத்த பாடத்தை விட்டுவிட்டு, "கிழவரே, உமக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். முன் வரிசையில் நகரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, தெலுங்கிலேயே பதில் சொன்னேன். அந்த அம்மாளுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. கண் இமைக்கவில்லை. "ஐயோ பாவம், கிழவனுக்குப் பல்லோடு பாஷையும் விழுந்துபோச்சு!" என்று சொல்லி, ஆர்மோனியக்காரர் தொட்ட ராகத்திலேயே அடுத்த பாட்டை எடுத்தார். சபை குலுங்கியது. நான் அதே ராகத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன். அன்றைக்கு அந்தச் சுருதி எனக்குக் கனக்கவே இல்லை. இதில் என்ன சந்தோஷம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்த ராத்திரியைத்தான்.

விடிந்ததும் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "உங்களுக்கு இது ஆசை சார், எங்களுக்கு இது அடுப்பு" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அது மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு பக்கத்துக் கிராமத்தில், "நீங்கதான் சும்மா பாடறீங்களே, இந்த வருஷம் செட்டைக் கூப்பிடலை, நீங்களே வாங்க" என்று தாம்பூலத்தோடு வந்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டோம். எங்களுக்குள்ளேயே இதில் சண்டை. "கலையைப் பரப்பத்தானே ஆரம்பிச்சோம், கூப்பிட்டா போகாம இருக்கிறதா?" என்றார் தறிக்காரர். அவர் கேள்வியும் நியாயம்தான். ஆனால் திருவிழா மாதங்களில் கிடைக்கும் கூலியை வைத்து வருஷம் முழுக்க ஓட்டுகிறவர்களின் மேடையில் நாம் இலவசமாக ஏறி நின்றால், நாளைக்கு நமக்குக் கற்றுத்தர யார் இருப்பார்கள்? தொழில் செட்டு வழக்கமாக ஆடும் ஊரில் நாங்கள் பாடுவதில்லை. எங்கள் மேடைக்கு வரும் வள்ளிக்கும், ஆர்மோனியம், மிருதங்கக்காரர்களுக்கும் முழுக் கூலி, போக்குவரத்துச் செலவு, சாப்பாடு. எங்கள் ஆறு பேருக்கு மாலை ஆளுக்கொன்று.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஒத்திகை. நாரதருக்கு ஆள் தேவை. இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஆர்மோனியம் கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பி தங்கைகள் இருந்தால், பெட்டி எங்களிடம் இருக்கிறது, சொல்லித்தர ஒரு பெரியவரும் இருக்கிறார். தெலுங்கு தெரிந்தால் ரொம்ப நல்லது.