நின்றால் சூடா, ஓடினால் சூடா?

(தோட்டங்களிலிருந்து கதிரவெளிக்கு வந்திருந்த குடும்பத்தினருக்கு, பழைய கார்களின் பராமரிப்புப் பற்றி நிகழ்த்தப்பட்ட பேச்சு)



பதுளை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி, வாழைச்சேனை, வாகரை தாண்டி வந்திருக்கிறீர்கள். "தோட்டத்தில நல்லாத்தானே ஓடிச்சு, இங்க வந்து ஏன் கொதிக்குது?" என்று சிலர் கேட்டீர்கள். பெரும்பாலும் அது புதுப் பழுதல்ல. மலைக் குளிர் மறைத்து வைத்ததைக் கடற்கரை வெயில் காட்டிவிடுகிறது.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஓடும்போது காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகும். நின்றால் பேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ஆகவே நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால் பேனைப் பாருங்கள். ஓடும்போதும் ஏறினால் தண்ணீர் குறைவு, ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட், தண்ணீர்ப் பம்ப் இவற்றைப் பார்க்க வேண்டும்.

கரண்டில் சுற்றும் பேன் என்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். பிறகு பெட்டரியிலிருந்து நேரே வயர் கொடுங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டர் பழுது. சுற்றினால் ரிலே, வயர், சூடறியும் சுவிட்ச் இவற்றில் ஒன்றுதான். பழைய டொயோட்டா கொரொல்லா பலவற்றில் அந்தச் சுவிட்ச் வயரைக் கழற்றிச் சாவியைப் போட்டால் பேன் சுற்ற வேண்டும். சுற்றினால் ரிலேயும் நல்லது, சுவிட்சைத்தான் மாற்ற வேண்டும். வேறு சில கார்களில் கழற்றிய இரண்டு வயரையும் சேர்த்தால்தான் சுற்றும். உங்கள் கார் எந்த வகை என்று கராஜ் பாஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்றிருந்தாலும் பேன் திடீரென்று சுற்றும். கை, சேலை, சால்வை கிட்டப் போகக் கூடாது.

மீட்டர் ஊசிக்குப் பல கார்களில் தனிச் சென்சர் உண்டு. பழைய ஒற்றை வயர்ச் சென்சரில் வயரைக் கழற்றினால் ஊசி இறங்கும். அந்த வயரை எஞ்சினில் ஒரு நொடி தொட்டால் ஏறும். அப்படி ஏறி இறங்கினால் மீட்டர் நல்லது, சென்சர்தான் சந்தேகம்.

ஆனால் ஊசியை மட்டும் நம்பாதீர்கள் தம்பிமாரே! தண்ணீர் வற்றிவிட்டால் சென்சர் தண்ணீரில் நனையாது. எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும், ஊசி கீழேயே நிற்கும். அதனால் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது தினமும் தண்ணீரைப் பாருங்கள்.

வழியில் கொதித்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அதை அடக்கி வைத்திருக்கிறது. சூட்டோடு திறந்தால் முகத்திலே சீறும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். நன்றாக ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். சூட்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் வெடிக்கலாம்.

அப்பாவின் சேமலாப நிதிக் காசில் வாங்கிய கார் பல வீடுகளில் இருக்கிறது. அது ஓடினால்தான் அடுப்பு எரியும். பியூஸ் சில்லறைக் காசு. ஹெட் போனால் பல மாதச் சம்பளம் போகும். இரண்டுக்கும் நடுவே இருப்பது காலையில் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை ஒதுக்குங்கள்.