கொடுமணல் ஈமக்காடும் ஆண்டுக் கணிப்பும்

 

திருப்பூரிலிருந்து நொய்யலின் போக்கிலேயே கிழக்கே சென்றால், வடகரையில் கொடுமணல். சங்கப் பாட்டில் 'கொடுமணம்' எனப் பெயர் பெற்ற ஊர் இதுவே என்பர் அறிஞர். ஊரை அடுத்த ஈமக்காட்டில் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் நிறைந்துள்ளன. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தனர். ஒரே கல்லறையில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன.

இக்கல்லறைகளின் அகவை என்ன? பதுக்கைக் கல்லைக் கேட்டுப் பயனில்லை. பாறை மாந்தனுக்கு முந்தியது. உயிரோடிருந்து மடிந்த பொருள் வேண்டும். கரியோ நெல்லோ கிடைத்தால், அதனுள் கரிமம்-14 தேய்ந்துள்ள அளவைக்கொண்டு அது மடிந்த காலத்தைக் கணிக்கலாம். கொடுமணலில் அவ்வாறு கிடைத்த ஆண்டுகள் கி.மு. 408 முதல் கி.மு. 200 வரை. ஆனால் அவை குடியிருப்பு மண்ணடுக்கின் ஆண்டுகள். கல்லறைக் கலமும் அவ்வடுக்கின் கலமும் ஒத்திருப்பதால் கல்லறைக்கும் அக்காலம் சொல்லப்படுகிறது. இது துணைச்சான்று, நேர்ச்சான்று அன்று.

நேர்ச்சான்று பழனிக்கு அருகில் பொருந்தலில் உண்டு. பேராசிரியர் கா. இராசன் 2009-10-இல் அகழ்ந்த கல்லறையில், ஒரு கலத்தில் ஏறத்தாழ 2 கிலோ நெல் இருந்தது. பிணத்துக்குப் படைத்த நெல் அது! அதன் காலம் கி.மு. 490 என வந்தது. மற்றொரு கல்லறை நெல்லுக்குக் கி.மு. 450. முதற்கல்லறையிலேயே தமிழி எழுத்துப் பொறித்த கலந்தாங்கியும் இருந்தமையால் எழுத்தின் காலமும் உயர்ந்தது. ஓரிரு கணிப்பை மட்டும் நம்பி எழுத்தின் தொடக்கத்தை உறுதிசெய்யலாகாது என்று தயங்கிய அறிஞரும் உளர். அவர்களெல்லாம் தமிழ்ப்பகைவர் அல்லர்.

பொருநைப் பக்கத்துச் சிவகளைத் தாழி நெல்லுக்குக் கி.மு. 1155 என 2021-இல் அறிவித்தனர். மேடையேறும் நம்மவர் சிலர் அவ்வாண்டைக் கொங்குப் பதுக்கைக்கும் போர்த்திவிடுகின்றனர். தாழி வேறு, பதுக்கை வேறு, ஊரும் வேறு. "எந்தக் கல்லறையில் எடுத்த நெல்?" என்று மாற்றான் ஒரு வினா தொடுத்தால் மெய்யான கி.மு. 490-உம் அதனோடு பொய்த்துப்போகும்.

இன்னொன்று. உழவுக்கும் வேலிக்கும் கல் பெயர்ப்போர் பதுக்கையின் அடிமண்ணையும் கலைத்துவிடுகின்றனர். இடம்பெயர்ந்த கரி எந்தக் கல்லறைக்கும் சான்றாகாது. அவ்வாறு பெயர்ப்பதைக் கண்டால் அன்றே தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.